முத்திரையை அப்புறம் பாருங்கள்: ஆங்கிலப் பீங்கான் உருவகச் சிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆங்கிலப் பீங்கான் சிலை ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, அதைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவது. முதல் தவறே அதுதான். பீங்கானில் முத்திரையைப் போல எளிதாகப் போலி செய்யக்கூடியது வேறில்லை. லண்டன் செல்சி தொழிற்கூடத்தின் சிவப்பு நங்கூரமும் (1752 முதல் 1756 வரை) அதற்கு அடுத்து வந்த தங்க நங்கூரமும் சுமார் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிய தங்க நங்கூரம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சோன் நிறுவனம் இந்த மாதிரி நகல்களை நிறையவே செய்திருக்கிறது. இங்கிலாந்தின் டார்பி நகரில் செய்த தொடக்க காலச் சிலைகளிலோ பெரும்பாலும் முத்திரையே கிடையாது. அடியில் மூன்று நான்கு மங்கலான கறைகள் இருக்கும். சூளையில் களிமண் உருண்டைகள் மேல் நிறுத்தி வைத்துச் சுட்ட தடம் அது. அதை அழுக்கு என்று தேய்க்கிறவர்களும் உண்டு.

சரி, பிறகு எங்கே தொடங்குவது? உருவகச் சிலை என்பது ஒரு பருவத்தையோ புலனையோ பண்பையோ மனித உருவில் காட்டுவது. ஆகவே கையில் என்ன இருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது என்பதில். வேலைப் பார்த்ததும் முருகன் என்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான் இதுவும். ஐரோப்பியக் கலைஞர்களுக்கு இதற்கான அகராதியாக இருந்தது, சேசரே ரீப்பா 1593-இல் வெளியிட்ட ‘இக்கொனோலொஜியா’. நீதிக்குத் தராசு, நம்பிக்கைக்கு நங்கூரம், கோடைக்குக் கதிர்க்கட்டும் அரிவாளும், இலையுதிர் காலத்துக்குத் திராட்சைக் குலை. இது தெரியாமல் போனால் கோடை வெறும் குடியானவப் பெண்ணாகிவிடும். தலை வரைக்கும் போர்வையை இழுத்துவிட்டு, கணப்புச் சட்டியின் மேல் இரு கைகளையும் நீட்டி உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பிச்சைக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர்தான் குளிர்காலம். சட்டியில் தீட்டியிருக்கும் சிவப்புத் தீயைப் பார்த்தாலே போதும்.

ஒற்றைச் சிலையைப் பார்த்தவுடன் பெயர் வைத்துவிடுவதும் ஆபத்து. பருவங்கள் நான்கு, புலன்கள் ஐந்து, அன்றைய ஐரோப்பியக் கணக்கில் கண்டங்கள் நான்கு என்று தொகுப்பாகச் செய்தவை இவை. பாகப்பிரிவினையிலும் ஏலத்திலும் பிரிந்து தனித்தனியாகிவிட்டன. பூவோடு நிற்கும் பெண் வசந்தமாக இருக்கலாம், மோப்பம் என்ற புலனாகவும் இருக்கலாம். காலடியில் நாய் இருந்தால் மோப்பம் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு.

இங்கேதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வருகிறது. நீட்டிய கையும் அதில் உள்ள பொருளும்தான் எப்போதும் முதலில் உடையும். பழுது பார்க்கிறவர் அரிவாள் இருந்த இடத்தில் ஒரு பூவை ஒட்டிவிட்டால், கோடை வசந்தமாகிவிடுகிறது! அதனால் பெயர் சொல்லும் முன் மணிக்கட்டைப் பாருங்கள். நிறம் அங்கே லேசாக மாறுகிறதா? தொட்டால் உடம்பு சில்லென்று இருந்து, கை மட்டும் அவ்வளவு குளிராமல் இருக்கிறதா? அப்படியென்றால் அந்தக் கை பின்னால் ஒட்டியதாக இருக்கலாம். பழுது பார்த்தவர் பூசிய மேற்பூச்சு புற ஊதா விளக்கில் பெரும்பாலும் தனியாகத் தெரிந்துவிடும்.

எல்லாக் குறையும் குறையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் இருந்த ‘போ’ (Bow) தொழிற்கூடத்தின் சிலைகளின் முதுகில் காணும் சதுரத் துளை, உலோக மெழுகுவர்த்திக் கிளையைப் பொருத்துவதற்கு விட்டது. அதை அடைத்துவிடாதீர்கள். 1760-களில் பூம்புதரை முதுகுக்குப் பின்னால் வைத்துச் செய்தவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அவை சுவரோரம் நின்று முன்னால் மட்டும் பார்க்கப்பட்டவை என்று பொருள்.

அதற்கு முன் இவற்றின் இடம் விருந்து மேசை. கடைசியில் இனிப்பு பரிமாறும்போது நடுவில் வைக்கச் சர்க்கரைப் பாகில் உருவங்கள் செய்வார்கள். அந்த இடத்துக்குத்தான் பீங்கான் வந்தது. ஆகவே இவற்றை வெறும் அழகுப் பொருளாகப் பார்ப்பதையும் தவறு என்பேன். நான்கு கண்டங்களில் ஐரோப்பாவுக்கு மட்டும் கிரீடம். ஆப்பிரிக்காவுக்கு யானைத் தலைக் கவசமும் சிங்கமும், அமெரிக்காவுக்கு இறகுத் தொப்பியும் முதலையும். அந்த மேசையில் பரிமாறிய சர்க்கரையோ, கரீபியன் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது.

கடைசியாக, கழுவுவது. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிலைகள் பெரும்பாலும் மென்பீங்கான், அதாவது சற்றுக் குறைந்த சூட்டில் சுட்ட மென்மையான வகை. ‘போ’ தொழிற்கூடத்தில் எலும்புச் சாம்பலும் கலந்தார்கள். மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கறையாக நின்றுவிடும். வெந்நீரில் பழைய ஒட்டு இளகும், தேய்த்தால் தங்கப் பூச்சு போகும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். தூக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், மறு கை உடம்பில். நீட்டிய கையைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள்.