சி.ஏ. படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினான். நான் படித்த அதே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டரின் இரண்டு குரூப்பும் (தாள்களை இரண்டு குழுவாகப் பிரித்திருப்பார்கள்) பாஸ் செய்திருக்கிறான். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அக்கா, ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு லீவு தாராளமாகத் தருகிற ஆபீஸ் ஏதாவது தெரியுமா?" என்றான். ஆர்ட்டிகிள்ஷிப் என்றால் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைப் பயிற்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட கேள்வி அது.

அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். தினமும் படியுங்கள், போனைத் தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஃபவுண்டேஷனில் குருட்டாம்போக்கில் டிக் அடிப்பது

சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வு ஃபவுண்டேஷன். அதன் கடைசி இரண்டு தாள்களில் ஒவ்வொரு தப்பான விடைக்கும் கால் மதிப்பெண் போகும். தெரியாததை விட்டுவிடுங்கள்.

தமிழில் படித்ததை வீண் என்று நினைப்பது

சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதுமே பிளஸ் டூ பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். நானும் மூன்று மாதம் ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்து பார்த்தேன். ஒரு கணக்கும் மனதில் நிற்கவில்லை. அப்புறம் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதத் தொடங்கினேன்: பேரேடு, லெட்ஜர். இருப்பாய்வு, ட்ரையல் பேலன்ஸ். தேய்மானம், டிப்ரிசியேஷன். நற்பெயர், குட்வில். பத்துப் பக்கம் போவதற்குள் புரிந்துவிட்டது, பாதிக்குமேல் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான். எங்கள் கணக்குப்பதிவியல் ஆசிரியர் கரும்பலகையில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று சொல்லிக்கொடுத்த அடிப்படைதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது.

லீவுக்காக ஆபீஸ் தேடுவது

நான் சேர்ந்த ஆபீஸ் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். பரீட்சை என்று சொன்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு. அப்போது ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் வருமான வரி ரிட்டர்ன் போட்டேன், பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போட்டேன், வாட் (ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த விற்பனை வரி) ரிட்டர்ன் போட்டேன். ஒரு ஃபேக்டரிக்குள் கால் வைத்ததில்லை. படிக்க நேரம் கிடைத்தது, கடைசிக் கட்டத் தேர்வான ஃபைனலும் பாஸ் ஆனேன்.

அப்புறம் சென்னையில் ஒரு இன்டர்வியூ. எதிரே இருந்தவர் பயோடேட்டாவில் ஊர்ப் பெயரைப் பார்த்தார். "அருப்புக்கோட்டையா? ஸ்பின்னிங் மில் ஊராச்சே. மார்ச் 31 ராத்திரி மில்லில் ஸ்டாக் எடுக்கப் போனால், பஞ்சையும் நூலையும் எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பீங்க?" என்றார்.

மில் சங்குச் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போனவள் நான். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சை எடுத்துவிட்டிருக்கிறேன். "பேல்களை எண்ணுவேன் சார்" என்றேன். "எண்ணிட்டு?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மடியில் இருந்த ஃபைல் அட்டை என் கை வியர்வையில் நனைந்திருந்தது.

அதற்கான பதிலை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு பேல், அதாவது ஒரு பஞ்சுக் கட்டு, சுமார் 170 கிலோ. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமுக்குள் போன பஞ்சின் எடையை ஒரு பக்கம் வைக்க வேண்டும். இறங்கிய நூல், விற்கக்கூடிய கழிவுப் பஞ்சு, மெஷின்களில் பாதியில் நிற்கும் சரக்கு இவற்றின் எடையை மறுபக்கம் வைக்க வேண்டும். இரண்டும் சமமாகாது. ஈரம் காய்ந்தும் தூசாகப் பறந்தும் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் கொஞ்சம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால், நூல் பில் இல்லாமல் வெளியே போயிருக்கிறதா என்று கிளற வேண்டும். ஒரே ஒரு முறை கோடவுனில் எடைச் சீட்டோடு நின்றிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மூன்று இன்டர்வியூவிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஆபீஸில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வவுச்சர் (வரவு செலவுச் சீட்டு) பார்ப்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாஸ் ஆன பிறகும் இரண்டு வருஷம் அம்மா மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இப்போது இந்தத் தவறுக்கு விலை இன்னும் கூடிவிட்டது. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பே இரண்டு வருஷம்தான். லீவு வருஷத்துக்கு 12 நாள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். படிக்கத்தான் அந்த ஆறு மாதம் தனியாக இருக்கிறதே, பிறகு எதற்கு ஆபீஸ் நேரத்தைத் திருட வேண்டும்? சிலர் ஒரு ஆடிட்டரிடம் பெயரை மட்டும் பதிந்துவிட்டு கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. விதிப்படி அது குற்றம். பிடிபட்டால் பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். பிடிபடாவிட்டாலும் என் கதைதான்.

ஆபீஸ் பார்க்கப் போனால் பிரின்சிபலிடம் (பயிற்சி தரும் ஆடிட்டரிடம்) பேசுவதோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே இருக்கும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளை டீக்கடைக்குக் கூட்டிப் போய்க் கேளுங்கள்: போன ஏப்ரலில் எந்த பேங்க் கிளைக்கு ஆடிட் போனீர்கள்? செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் எத்தனை பார்த்தீர்கள்? நீங்கள் எழுதியதை உட்கார்ந்து திருத்துவது யார்? மூன்றுக்கும் பட்டென்று பதில் வந்தால் அது வேலை நடக்கிற இடம். "ரிட்டர்ன்தான் போடுவோம்" என்று சொன்னால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மதுரையில ஒரு ஆபீஸ் இருக்குக்கா, ஆனா ராத்திரி எட்டு மணி ஆயிடுமாம்" என்றான். சரி, முதலில் அங்கே போய்க் கேள் என்றேன்.

இன்டரை ஒவ்வொரு குரூப்பாக எழுதுவது

ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி மதிப்பெண் வேண்டும். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால், ஒன்றில் கூடுதலாக வாங்கியது மற்றதின் குறையை ஈடுகட்டும். இரண்டு குரூப்பும் முடிந்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப். இரண்டுக்கும் நிஜமாகவே தயார் என்றால் பிரிக்காதீர்கள்.

டிகிரியை விட்டுவிடுவது

தொலைதூரக் கல்வியில் ஒரு பி.காம். போட்டு வையுங்கள்.

எத்தனை வருஷம் ஆகும் என்று வீட்டில் சொல்லாமல் இருப்பது

நாலு வருஷத்தில் எஞ்சினியர் ஆகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் அம்மா அப்பாவுக்குத் தெரியும். ஒரு அட்டெம்ப்ட் போனால் நம் பிள்ளை படிக்கவில்லை என்று பயந்துவிடுகிறார்கள். சேருகிற அன்றே ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: ஃபவுண்டேஷன், இன்டர், இரண்டு வருஷப் பயிற்சி, ஆறு மாதம், ஃபைனல். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் எந்த மாதம், எந்த வருஷம் என்று போடுங்கள். இன்னொரு அட்டெம்ப்ட் தேவைப்பட்டால் எழுத இடமும் விடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் அரிசி டின்னுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு இடத்தில் அம்மாவே தேதியை அடித்துத் திருத்தினார்.