எஃப்.இ. தேர்வுக்குத் தயாராவது எப்படி? கைப்புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள்

அமெரிக்காவில் புரொஃபஷனல் இன்ஜினியர் உரிமம் வாங்க நினைப்பவர்கள் முதலில் எழுத வேண்டியது ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங், சுருக்கமாக எஃப்.இ. தேர்வு. அது முடிந்தபின் வழக்கமாக நான்கு ஆண்டு வேலை அனுபவம், அப்புறம் புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வு, அதற்குப் பிறகுதான் உரிமம். இந்தப் பதிவு முதல் தேர்வுக்கு மட்டும். உதாரணங்களை சிவில் பிரிவிலிருந்து எடுத்திருக்கிறேன். மற்றப் பிரிவினருக்கும் முறை இதுதான்.

கல்லூரி முடித்துப் பல வருடங்கள் கழித்து இதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பழைய பாடப்புத்தகங்களைத் தூசி தட்டி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். அது வேண்டாம். சூத்திரங்கள் எல்லாம் தேர்வுத் திரையிலேயே கிடைக்கும். சரியான சூத்திரத்தை எவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்து, அலகு பிசகாமல் கணக்கிடுகிறீர்கள் என்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. தயாரிப்பும் அதற்கு ஏற்றாற்போல் இருக்க வேண்டும்.

படி 1: மாநில விதியைப் பாருங்கள்

தேர்வை நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற அமைப்பு. ஆனால் உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் வாரியம். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லாததற்கு வரலாறுதான் காரணம். 1907-இல் வயோமிங் மாநிலம்தான் முதன்முதலில் பொறியாளர் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. நீர் உரிமைக்கான வரைபடங்களைத் தகுதி இல்லாதவர்கள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். டெக்சஸ் 1937-இல் விழித்துக்கொண்டது. நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் கசிந்த எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த அதே ஆண்டில்தான் அங்கே சட்டம் வந்தது. இப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் அனுபவத்திலிருந்து தனித்தனியாகச் சட்டம் போட்டதால் விதிகளும் ஆங்காங்கே மாறுபடும்.

ஆகவே என்.சி.இ.இ.எஸ். தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வாரியத்தின் முன் அனுமதி தேவையா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு வெளியே பட்டம் பெற்றவர்களிடம் பல வாரியங்கள் பட்ட மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். சில வாரியங்கள் தேர்வுக்கு முன்பே கேட்கும், சில உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கும். கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் வர நாளாகும் என்பதால் இந்த வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 2: பிரிவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கோப்புகளை இறக்குங்கள்

மொத்தம் ஏழு பிரிவுகள்: கெமிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர், என்விரான்மென்டல், இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ், மெக்கானிக்கல், அதர் டிசிப்ளின்ஸ். படித்த பிரிவையே எடுங்கள். 'அதர் டிசிப்ளின்ஸ் சுலபமாம்' என்று யாராவது சொன்னால் அதன் பாடப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இறக்க வேண்டியவற்றில் ஒன்று உங்கள் பிரிவின் பாடப்பட்டியல், மற்றது எஃப்.இ. ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக், அதாவது தேர்வுத் திரையில் கிடைக்கும் அந்தச் சூத்திரங்கள் அடங்கிய கைப்புத்தகம். இரண்டுமே இலவசம். பாடப்பட்டியலில் ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை கேள்விகள் வரும் என்ற வரம்பு இருக்கும். சிவிலில் நீர்வளமும் சுற்றுச்சூழலும் 10 முதல் 15 வரை, ஸ்ட்ரக்சுரலும் ஜியோடெக்னிக்கலும் அதே அளவு, டைனமிக்ஸ் 4 முதல் 6 வரை. டைனமிக்ஸோடு மூன்று வாரம் மல்லுக்கட்டுவது எவ்வளவு வீண் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

எத்திக்ஸ் 4 முதல் 6, இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் 5 முதல் 8. இரண்டும் சேர்ந்தால் குறைந்தது 9 கேள்விகள், சில நாள் உழைப்பில் கிடைக்கும் மதிப்பெண்கள். நான் இவற்றை முதலில் முடிக்கச் சொல்வேன். எகனாமிக்ஸில் வட்டி அட்டவணை கைப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து வரும் 10,000 டாலரின் இன்றைய மதிப்பு 6 சதவீத வட்டியில் என்ன என்று கேட்டால், 6 சதவீதப் பக்கத்தைத் திறந்து, ஐந்தாம் வரிசையில் 0.7473-ஐ எடுத்துப் பெருக்க வேண்டியதுதான்: 7,473 டாலர். அரை நிமிட வேலை.

படி 3: கைப்புத்தகத்தோடு பழகுங்கள்

அதிக நேரம் போக வேண்டியது இந்தப் படிக்குத்தான். தேர்வின்போது திரையின் ஒரு பக்கத்தில் கேள்வி, மறு பக்கத்தில் கைப்புத்தகத்தின் பி.டி.எஃப். வேறு எந்தப் புத்தகமும் கிடையாது. ஆகவே கைப்புத்தகத்தை அச்செடுத்து வண்ணச் சீட்டுகள் ஒட்டிப் படிக்காதீர்கள். அந்தச் சீட்டுகள் தேர்வு அறைக்குள் வராது. முதல் நாளிலிருந்தே கணினித் திரையில், தேடல் பெட்டியைப் பயன்படுத்தித்தான் கணக்குப் போட வேண்டும்.

தேடுவதிலும் ஒரு கலை இருக்கிறது. 'ஸ்ட்ரெஸ்' என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். 'மோர்' என்று தட்டினால் நேராக, ஸ்ட்ரெஸ் கணக்குக்கான மோர் வட்டத்துக்குப் போய்விடலாம். தூணின் நெளிவுக்கு 'ஆய்லர்', திறந்த வாய்க்கால் ஓட்டத்துக்கு 'மேனிங்'. பொதுச் சொல்லை விட்டுவிட்டு, ஆள் பெயரையோ அரிதான சொல்லையோ தேடுவதே சூட்சுமம். ஆனால் 'டார்சி' என்று தேடினால் குழாயில் உராய்வு இழப்பும் வரும், மண்ணில் நீர்க்கசிவும் வரும். எந்த அத்தியாயம் வேண்டும் என்பது மனதில் இருக்க வேண்டும். அத்தியாய வரிசை மனப்பாடமாகும் அளவுக்குப் புரட்டுங்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் இப்படிச் செய்து பாருங்கள். கேள்வியைப் படித்ததும் எந்தத் தலைப்பு என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். கைப்புத்தகத்தில் சூத்திரத்தைத் தேடி, குறியீடுகளின் விளக்கத்தையும் படியுங்கள். பிறகு கணக்கிடுங்கள். விடை தவறினால், சூத்திரம் தப்பா, அலகு தப்பா, கேள்வி புரியவில்லையா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை குறித்து வையுங்கள். சில வாரங்களில் உங்கள் பலவீனம் எங்கே இருக்கிறது என்று அந்தக் குறிப்பே காட்டிவிடும். பெரும்பாலும் அது பாட அறிவில் இருக்காது, அலகில் இருக்கும்.

ஸ்டாடிக்ஸுக்கு மட்டும் கைப்புத்தகம் பெரிதாக உதவாது. விசைப்படம் (ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளைக் காட்டும் படம்) வரையும் கை வேண்டும். 1981-இல் கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த திட்டத்தை மாற்றி, கீழ்ப் பாதையை மேல் பாதையின் உத்திரத்திலிருந்து தனிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். அதனால் மேல் உத்திரத்தின் இணைப்பில் சுமை இருமடங்கானது. அந்த இணைப்புக்கு ஒரு விசைப்படம் வரைந்து பாருங்கள், முதலாண்டுக் கணக்குதான். சம்பந்தப்பட்ட பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். எத்திக்ஸ் பகுதி ஏன் இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

படி 4: அலகும் கால்குலேட்டரும்

மீட்டர், கிலோகிராமில் படித்தவர்களை இந்தத் தேர்வு அடி, பவுண்டில் வைத்துக் கவிழ்க்கும். இரண்டு அலகு முறைகளிலும் கேள்விகள் வரும். சில எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்: புவியீர்ப்பு முடுக்கம் 32.2 அடி/வினாடி², தண்ணீரின் எடை கன அடிக்கு 62.4 பவுண்டு, ஒரு கிப் என்றால் 1,000 பவுண்டு விசை. மேனிங் சமன்பாட்டில் வரும் மாறிலி மீட்டர் முறைக்கு 1.0, அடி முறைக்கு 1.486.

10 அடி ஆழத் தண்ணீரின் அடியில் அழுத்தம் எவ்வளவு? 62.4 × 10 = 624, ஆனால் அது சதுர அடிக்கு. கேள்வி சதுர அங்குலத்துக்குக் கேட்டால் 144-ஆல் வகுக்க வேண்டும்: 4.33. விடைப் பட்டியலில் 624-ம் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இத்தகைய தேர்வுகளில் தவறான விடைகள் வழக்கமாக நாம் செய்யும் தவறுகளிலிருந்தே தயாரிக்கப்படுகின்றன.

கால்குலேட்டரில் அனுமதி உள்ளவை கேசியோ எஃப்.எக்ஸ்-115, எஃப்.எக்ஸ்-991 வகைகள், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டி.ஐ-30எக்ஸ், டி.ஐ-36எக்ஸ் வகைகள், ஹெச்.பி. 33எஸ், 35எஸ் மட்டுமே. எதை வாங்கினாலும் தயாரிப்பின் முதல் நாளிலிருந்து அதே ஒன்றையே பயன்படுத்துங்கள். சமன்பாடு தீர்ப்பது, மேட்ரிக்ஸ், எண்முறைத் தொகையிடல், புள்ளியியல் ஆகிய நான்கும் விரல்களுக்குத் தெரிந்திருந்தால் கணிதப் பகுதியில் பாதி பாரம் இறங்கிவிடும்.

படி 5: முழு நீள மாதிரித் தேர்வு

110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. பாதி முடிந்ததும் அந்தப் பகுதியைச் சமர்ப்பித்துவிட்டு 25 நிமிட இடைவேளை எடுக்கலாம். சமர்ப்பித்த பகுதிக்குத் திரும்பப் போக முடியாது. ஆனால் நேரம் இரண்டாகப் பிரிக்கப்படுவதில்லை. முதல் பாதியில் நான்கு மணி நேரம் செலவழித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், இரண்டாம் பாதியில்தான் தவிப்பீர்கள். 2 மணி 40 நிமிடத்துக்குள் முதல் பாதியைச் சமர்ப்பிக்கப் பழகுங்கள்.

ஒவ்வொரு பாதியையும் மூன்று சுற்றாக எடுங்கள். பார்த்ததும் விடை தெரிபவை முதல் சுற்றில். கைப்புத்தகம் தேவைப்படுபவற்றைக் கொடி போட்டுவிட்டு இரண்டாம் சுற்றில். மீதி இருப்பவற்றை ஊகித்து நிரப்புங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எனவே எதையும் காலியாக விடாதீர்கள். பல விடை தேர்வு, இழுத்துப் பொருத்துதல், எண்ணைத் தட்டச்சு செய்தல் போன்ற வகைகளும் வரும் என்பதால் மாதிரித் தேர்வைக் கணினியிலேயே எழுதுங்கள். ஒரு முழுத் தேர்வாவது இடையில் எழுந்திருக்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். நான்காவது மணி நேரத்தில் மூளை என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

தேர்வு நடக்கும் பியர்சன் வியூ மையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயர், இனிஷியல் குழப்பம் உள்ளவர்கள் இதைப் பதிவின்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுதிப் பார்க்க அழித்தெழுதும் ஏடும் பேனாவும் அவர்களே தருவார்கள்.

முடிவு பொதுவாக 7 முதல் 10 நாளில் மின்னஞ்சலில் வரும். மதிப்பெண் சொல்ல மாட்டார்கள், தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். தேறாதவர்களுக்குத் தலைப்புவாரியாக எங்கே குறைந்தது என்ற அறிக்கை கிடைக்கும். அடுத்த முயற்சிக்கான படிப்புத் திட்டத்தை அதிலிருந்து போடலாம். 12 மாதத்தில் அதிகபட்சம் மூன்று முறைதான் எழுத முடியும், சில மாநிலங்கள் இன்னும் கறாராக இருக்கும். தேறியவர்கள் 'இன்ஜினியர் இன் டிரெய்னிங்' சான்றிதழ் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்; பல மாநிலங்களில் அதற்கு வாரியத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.