சின்ன இடைநிலைப்பள்ளியோட எஸ்பிஎம் ரிசல்ட்டை எப்படி படிக்கிறது: தோட்டத்து டவுன் பெத்தவங்களுக்கு

எஸ்பிஎம் (மலேசியாவுல பாரம் 5, அதாவது இடைநிலைப்பள்ளி கடைசி வருஷத்துல எழுதுற அரசாங்கப் பரீட்சை) ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயந்திரமே வாட்சாப் குரூப்ல ஆரம்பிச்சிருவாங்க, போன வருஷம் 90 பர்சண்ட் பாஸு, இந்த வருஷம் 80 தானாம், டீச்சருங்க என்னதான் பண்றாங்கன்னு. நானூறு பேர் எழுதுற பட்டணத்து ஸ்கூல்ல பத்து பர்சண்ட் எறங்குனா அது பெரிய விஷயம், கேக்கத்தான் வேணும். நம்ம நெகிரி செம்பிலான் பகாவ் பக்கத்து தோட்டங்கள நம்பி நடக்குற மாதிரி சின்ன ஸ்கூல்ல பாரம் 5ல மொத்தமே இருவது பேருன்னா பத்து பர்சண்ட்ங்கறது ரெண்டே ரெண்டு புள்ளைங்க. ஒருத்தனுக்கு பரீட்சை நேரத்துல டெங்கி வந்திருக்கலாம், இன்னொருத்தன் பேக்டரில நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்து எழுதியிருக்கலாம்.

அதனால மொதல்ல பர்சண்டேஜை ஓரமா வச்சுட்டு தலையை எண்ணுங்க. பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துல மூணு நம்பர் கேளுங்க: வருஷ ஆரம்பத்துல பாரம் 5 ரெஜிஸ்டர்ல எத்தனை பேர், பரீட்சைக்கு பேர் கொடுத்தது எத்தனை பேர், உண்மையிலயே வந்து உக்காந்து எழுதுனது எத்தனை பேர். இந்த மூணும் ஒண்ணா இருந்தா நல்லது, இல்லன்னா நடுவுல காணாமப் போனவங்களப் பத்திதான் கூட்டத்துல பேசணும், ஏ எத்தனைன்னு அப்புறம் பார்த்துக்கலாம்.

பாஸுன்னா எந்த பாஸுன்னும் கேட்டுக்கணும், இதுலதான் நெறைய பேர் குழம்புறாங்க. ஒரு பாடத்துல ஈ எடுத்தாலே அந்தப் பாடம் பாஸு, கிரெடிட்டுன்னா சியும் அதுக்கு மேலயும். பஹாசா மலாயு (மலாய் மொழி), செஜாரா (வரலாறு) ரெண்டுலயும் பாஸ் பண்ணாதான் சர்டிபிகேட்டே கைக்கு வரும், செஜாராவ அதுல சேர்த்தது 2013ல. ஸ்கூலு சொல்ற 80 இதுல எதுன்னு தெரியாம சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

அடுத்து ஜிபிஎஸ், அதாவது ஸ்கூலோட சராசரி கிரேடு. ஏ பிளஸ்ஸுக்கு 0, ஏக்கு 1, அப்படியே எறங்கி ஜிக்கு 9 வரைக்கும் புள்ளி, எல்லாத்தையும் கூட்டி வகுத்தா வர்றதுதான், அதனால நம்பர் கொறைஞ்சாதான் நல்லது (கூடுனா நல்லதுன்னு நெனைச்சு கைதட்டுறவங்களும் இருக்காங்க). ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 20 பேரு, ஆளுக்கு 9 பாடம், மொத்தம் 180. பத்தொம்போது பேரோட சராசரி 5.00 ன்னு வச்சுக்குங்க, மிச்சம் இருக்குற ஒருத்தன் எல்லாத்துலயும் ஜின்னா ஸ்கூலோட ஜிபிஎஸ் 5.20 ஆயிரும். நாடு முழுக்க எஸ்பிஎம் 2023ல 4.60, 2024ல 4.49, அதாவது லட்சக்கணக்கான புள்ளைங்க சேர்ந்து 0.11 நகர்ந்ததையே பேப்பர்ல பெரிசா போட்டாங்க, நம்ம ஸ்கூல்ல ஒரே பையன் 0.20 நகர்த்திருவான். இதுல இன்னொரு கூத்து என்னன்னா வகுக்குறது எழுத வந்தவங்கள மட்டும் வச்சு, அந்தப் பையன் வராமலே இருந்துட்டா ஜிபிஎஸ் திரும்ப 5.00க்கு வந்துரும், ஸ்கூல் முன்னேறிருச்சுன்னு பேனர் கூட கட்டலாம். அதுக்குத்தான் அந்த மூணாவது நம்பரக் கேக்கச் சொன்னேன்.

ஒரு வருஷத்த மட்டும் பார்க்காம அஞ்சு வருஷத்த ஒண்ணா கூட்டுங்க, எழுதுனவங்க எல்லாரையும் கூட்டி, பாஸானவங்க எல்லாரையும் கூட்டி, அப்புறம் வகுங்க. அஞ்சு வருஷ பர்சண்டேஜை எடுத்து சராசரி போடாதீங்க, ஒரு வருஷம் 12 பேரு இன்னொரு வருஷம் 27 பேருன்னா அது தப்பான நம்பரத்தான் கொடுக்கும். கோவிட் பேட்சுங்களையும் மனசுல வச்சுக்கணும், 2020 எஸ்பிஎம்மே 2021ல தான் நடந்துச்சு.

இதையெல்லாம் விட முக்கியமான வேலை, கொஞ்சம் மெனக்கெடணும். பாரம் 1ல சேர்ந்தவங்க லிஸ்ட எடுத்து பாரம் 5 வரைக்கும் ஒவ்வொருத்தரா பாருங்க. முன்னாடி யுபிஎஸ்ஆர் (ஆரம்பப்பள்ளி ஆறாம் ஆண்டு பரீட்சை), பிடி3 (பாரம் 3 பரீட்சை)ன்னு ரெண்டு அடையாளம் இருந்துச்சு, 2021லயும் 2022லயும் அதுங்களயும் எடுத்தாச்சு, இப்ப பாரம் 3 வரைக்கும் ஸ்கூல்லயே நடத்துற யுஏஎஸ்ஏ (கல்வியாண்டு இறுதிப் பரீட்சை) மார்க்குதான் கதி. தமிழ்ப்பள்ளில இருந்து வர்ற சில புள்ளைங்க புகுமுக வகுப்புல ஒரு வருஷம் இருந்துட்டுதான் பாரம் 1 வருவாங்க, அவங்கள காணாமப் போனதா எண்ணிறக் கூடாது. நல்லா படிக்கிற புள்ளைங்க ஆஸ்ரமா ஸ்கூலுக்கோ (ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறது) எம்ஆர்எஸ்எம்முக்கோ (மாரா நடத்துற அறிவியல் காலேஜு) போயிருவாங்க, பாரம் 4ல கொஞ்சம் பேர் வொக்கேஷனல் காலேஜுக்கு போவாங்க, அதெல்லாம் நல்ல செய்திதான், ஆனா மிச்சம் இருக்குறவங்களோட ரிசல்ட் எறங்கித்தான் தெரியும். எங்கயுமே சேராம நின்னுட்ட புள்ளைங்கள தனியா எழுதி வைங்க, ஸ்கூல் கவுன்சிலர் டீச்சர் கிட்ட கேக்க வேண்டியது அவங்களப் பத்திதான்.

பங்சா (இனவாரி) கணக்கையும் நிதானமா பாருங்க. தோட்டம் கை மாறி வீடமைப்புக்கு போச்சு, ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, வெளிநாட்டு ஆளுங்க வேலைக்கு வந்தாங்க, நம்ம குடும்பங்க சிரம்பான், கிள்ளான், ஜொகூர் பாருன்னு கெளம்பிட்டாங்க, ஸ்கூல் சின்னதானதுக்கு பல எடத்துல இதுதான் காரணம், டீச்சர் இல்ல. இந்தியர்னு ஒரே கட்டத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி எல்லாரும் அடங்கிருவாங்க, அதனால இந்தியர் எத்தனைன்னு கேட்டதோட நிக்காம தமிழ் பாடம் எத்தனை பேர் எடுக்குறாங்கன்னும் கேளுங்க. 1996 கல்விச் சட்டப்படி ஸ்கூல்ல குறைஞ்சது 15 மாணவர்களோட பெத்தவங்க கேட்டா தாய்மொழி வகுப்பு வைக்கணும். ஒரு வகுப்புல 15 இல்ல, ஸ்கூல் முழுக்க 15. நம்மள மாதிரி எடத்துல 16 பேர் இருந்து ரெண்டு பேர் மாறிப் போனாலே வகுப்பு ஆட்டம் கண்டுரும், அதனால வருஷா வருஷம் இந்த ஒரு நம்பர மட்டுமாவது பிஐபிஜில யாராச்சும் எழுதி வைங்க, கையெழுத்து வாங்குறதையும் பள்ளி தொறக்குறதுக்கு முந்தியே முடிச்சிருங்க.

கடைசியா ஒண்ணு, போட்ட கணக்க அப்படியே குரூப்ல அனுப்பாதீங்க. பாரம் 5ல இந்திய பொண்ணுங்க ரெண்டே பேருன்னா அவங்க சராசரிய போட்டா பேர் போட்ட மாதிரிதான், பஸ் ஸ்டாண்ட் ஒட்டுக்கடையில உக்காந்திருக்குறவங்களுக்கே யாருன்னு தெரிஞ்சிரும். அஞ்சு பேருக்கு கொறைவான கூட்டம்னா அத தனியா காட்டாதீங்க, பக்கத்து வருஷத்தோட சேர்த்துருங்க, முழு லிஸ்ட் செக்ரட்டரி கிட்டயே இருக்கட்டும்.