துயரப்பட்ட சனத்திடம் உதவிக்குப் போகும்போது செய்யக்கூடாதவை

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும், பேசி மனதை ஆற்ற உதவும் உளவளத்துணைக் குழுக்கள் முகாம்களுக்கு வந்து சேர்ந்தன. நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் பலருக்குச் சனத்தின் மொழி தெரியாது, செத்த வீட்டு முறை தெரியாது, கையில் நாளும் இல்லை. அப்போது நடந்த தவறுகள் வெள்ளம், மண்சரிவு என்று ஒவ்வோர் அனர்த்தத்திலும் திரும்ப நடக்கின்றன. உள்ளூர்த் தொண்டர்களும் இதற்கு விலக்கில்லை.

உடனே பேச வைப்பது

‘நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டால் மனம் ஆறிவிடும்’ என்ற நம்பிக்கை வலுவானது. 1980களில் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிச்செல் என்பவர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். மோசமான சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவாக உட்கார்ந்து, பார்த்ததையும் பட்டதையும் சொல்ல வேண்டும். வேலையாக அந்த இடத்துக்குப் போனவர்களுக்கு உண்டான இந்த முறையை, பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய்மாருக்கும் அப்படியே கொண்டுவந்தார்கள். ஒரே அமர்வில் இப்படிப் பேச வைப்பது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. சிலருக்கு நிலை மோசமானதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இப்போது இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: பக்கத்தில் இருங்கள், அவசரத் தேவையைக் கேளுங்கள், சொந்தக்காரரோடு சேர்த்து வையுங்கள், அவர் பேச வந்தால் கேளுங்கள்.

நம் செத்த வீடுகளில் இது பழக்கமான விஷயம்தான். வந்தவர்கள் பாதிப்பேர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுத்தான் போவார்கள். யாரும் ‘எப்படி நடந்தது, என்ன பார்த்தாய்’ என்று பிள்ளையை இழந்தவளை உட்கார வைத்து விசாரிப்பதில்லை.

உடம்பு நோவைத் தள்ளிவிடுவது

‘நெஞ்சு அடைக்குது, தலையிடி நிற்கேல்லை, கை கால் உளைவு, நித்திரை இல்லை’ என்று வருகிறவருக்குப் பரசிட்டமோல் கொடுத்து அனுப்புவது ஒரு தவறு. ‘உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்பது அதைவிடப் பெரிய தவறு. அவர் பொய் சொல்கிறார் என்றுதான் வீட்டில் விளங்கிக்கொள்வார்கள்.

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் 1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவ மானுடவியலாளர், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மருந்து எடுத்துக்கொண்டிருந்த 100 பேரைப் பார்த்தார். தலைவலி, தூக்கமின்மை, கிறுகிறுப்பு என்றுதான் அவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் 87 பேருக்கு, மேற்கத்திய அளவுகோலின்படி, மனச்சோர்வு இருந்தது. கலாசாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. ‘எனக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது’ என்று வாய்விட்டுச் சொல்வதில், அது அரசுக்கு எதிரான பேச்சாக எடுபடும் என்ற ஆபத்து இருந்தது. தலைவலி என்று சொல்வதில் இல்லை. யுத்தகால யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே நெஞ்சு நோவைக் கவனமாகப் பரிசோதியுங்கள், இருதய நோயும் இருக்கலாம். பிறகு அந்த நோவைப் பற்றியே பேச்சைக் கொடுங்கள்: எப்போது கூடுகிறது, அப்போது வீட்டில் என்ன நடக்கிறது? மற்றது தானாக வரும்.

‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தவறாக நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவுக்கு ஒழுங்கு உண்டு. எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, அப்புறம் ஆண்டுத் திவசம். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி. அந்த ஒவ்வொரு நாளும் வீடு நிறையச் சனம் வரும், சமையல் நடக்கும், அழுவார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணப் பேச்சு திரும்பும். துக்கத்தைத் தனி ஆள் சுமக்காதபடி செய்து வைத்த ஏற்பாடு இது.

யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இதில் எதுவுமே கிடைக்காது. உடல் இல்லை, திதி இல்லை. அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே சாகக் கொடுத்ததாகிவிடும் என்று தாய் பயப்படுகிறாள். மனைவிக்குப் பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதே தினசரிக் கேள்வி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய அம்மாக்களின் தொடர் போராட்டத்தில் கேட்கப்படுவது பதில்: என் பிள்ளையை என்ன செய்தீர்கள்? இறப்புச் சான்றிதழ் வேண்டாம் என்று குடும்பங்கள் மறுத்ததால்தான், இறந்தவர் என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் பதிகிற சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது.

அப்படிப்பட்ட தாயிடம் ‘முன்னே நகருங்கள்’ என்று அறிவுரை சொல்ல உளவளத்துணையாளருக்கு உரிமை இல்லை. அவளுக்கு இருப்பது மனக்கோளாறல்ல, பதில் சொல்லப்படாத கேள்வி. செய்யக்கூடியவை உண்டு. ஒரே நிலையில் இருக்கும் தாய்மாரைச் சேர்த்து வைக்கலாம். நீரிழிவு மருந்தை ஒழுங்காக எடுக்கிறாளா என்று பார்க்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளையின் படிப்பைக் கவனிக்கலாம். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்ய விரும்பினால் கூடப் போகலாம்.

மனதை மட்டும் பார்ப்பது

மொழிபெயர்த்த படிவத்தோடு போய், ‘நடந்ததை நினைவூட்டும் இடத்தைத் தவிர்க்கிறீர்களா’ என்று ஒரு மீனவரைக் கேட்டால் அவர் ஆம் என்பார். கடலுக்குப் போவதில்லைதான். ஆனால் பயத்தாலா, வள்ளமும் வலையும் அலையோடு போனதாலா? படிவத்தில் இரண்டும் ஒரே புள்ளிதான். சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை போட்டார்கள். எங்கே குடியிருப்போம் என்று தெரியாமல் முகாமில் கிடந்தவர்களின் நித்திரையின்மைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. உலக அமைப்புகள் சேர்ந்து 2007இல் எழுதிய அனர்த்தகால வழிகாட்டியும் பாதுகாப்பு, சாப்பாடு, இருப்பிடத்தைத்தான் அடித்தளமாக வைக்கிறது.

ஊர்வழமை எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

மறுபக்கத் தவறு இது. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உடல் தளர்வுப் பயிற்சியாக இந்துக்களுக்கு ஓம் உச்சரிப்பையும், கத்தோலிக்கருக்குச் செபமாலையையும், முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரையும் பயன்படுத்தினார். தெரிந்த வழியாகப் போனதால் சனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே மருத்துவர் மருந்து தேவைப்பட்டவருக்கு மருந்தும் கொடுத்தார். சிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்திலும் இப்படித்தான். சுகாதார நிலைய முற்றத்து வாங்கில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து பேசுகிறார்கள், பிரச்சினையைத் தீர்க்க வழி தேடுகிறார்கள். கடுமையான நிலையில் உள்ளவரை மேலே அனுப்புகிறார்கள்.

ஒருவர் சாப்பாட்டை விட்டுவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், குடி முற்றி வீட்டில் அடி விழுந்தால், கோயில் நேர்த்தி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். முடிந்தால் எண்ணை மட்டும் கொடுக்காமல், கிட்டிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு முதல் முறை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.