புற்றுநோய்த் தண்டுக்கலங்களும் கொழுப்பும்: வீட்டில் நேரும் தவறுகள்

"கொழுப்பைத் தின்றுதான் புற்றுநோய் வளருதாம்" என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தால், உடனே எண்ணெய்ப் போத்தலை ஒதுக்கிவிடத் தோன்றும். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குக் கிளினிக் போய்வருகிற, ஏற்கெனவே இளைத்துப்போன ஒருவருக்கு இது பெருங்கெடுதல்.

செய்தியில் உண்மை இருக்கிறது. கட்டிக்குள் சிறு பங்காக இருக்கும் புற்றுநோய்த் தண்டுக்கலங்கள் (stem cells) கீமோ மருந்துக்குத் தப்பிக் கிடந்து, பிறகு கட்டியைத் திரும்ப உண்டாக்க வல்லவை. அவற்றில் பல, கொழுப்பமிலங்களைக் கலத்தின் சக்தி உலையான இழைமணியில் எரித்துச் சக்தி பெறுகின்றன. ஆனால் அந்தக் கொழுப்பு எங்கள் கறிச்சட்டியிலிருந்துதான் போக வேண்டும் என்றில்லை. சோறும் இடியப்பமும் தரும் குளுக்கோசிலிருந்தே 16 காபன் கொண்ட பாமிற்றிக் அமிலத்தைக் கலம் தானாகச் செய்துகொள்ளும். பட்டினி கிடந்தாலோ உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடும். கலம் அதையும் எடுக்கும். வற்றுவது நோயாளியின் தசைதான். தசை வற்றியவருக்குக் கீமோவின் பக்கவிளைவு கூடும், மருந்தளவைக் குறைக்கவும் நேரும்.

கொடுக்க வேண்டிய அளவு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1250 முதல் 1500 கிலோகலோரியும் 50 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீன் ஏறக்குறைய 20, 50 கிராம் பயறு 12. மிச்சம் சோற்றிலும் பாலிலும் வந்துவிடும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, மருத்துவரைக் கேட்க வேண்டும். வாய் புண்ணாகி இரண்டு வாய்க்கு மேல் இறங்காதவருக்குக் கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் 120 கிலோகலோரி கூடும். உழுத்தங்களியும் நல்லதுதான்.

மறுபக்கத் தவறும் உண்டு: மாப்பொருளை அடியோடு நிறுத்திக் கொழுப்பை மட்டும் ஊட்டுவது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மனித வாய்ப்புற்றுக் கலங்கள் இடப்பட்ட எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது நோய் வேறிடங்களுக்குக் கூடுதலாகப் பரவியது. கலத்துக்குள் கொழுப்பை விடும் சிடி36 என்ற வாசலைத் தடுத்தபோது பரவல் குறைந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் கொழுப்பை மட்டும் ஊட்டுவதைப் பாதுகாப்பானது என்று சொல்ல இடமில்லை.

மிக ஆபத்தானது, வீட்டிலுள்ள வேறொருவரின் கொலஸ்ட்ரோல் குளிசையை நோயாளிக்குக் கொடுப்பது. ஸ்டற்றின் வகைக் குளிசைகள் கொலஸ்ட்ரோல் உருவாகும் பாதையை அடைப்பதால் ஆய்வுகூடங்களில் அவற்றைப் புற்றுநோய்க்கு எதிராகவும் சோதிக்கிறார்கள். அது மருந்துச்சீட்டு ஆகாது. கீமோ நாட்களில் வாயில் பங்கசுத் தொற்றால் வெண்படிவு வந்தால் புளுகொனசோல், இட்ராகொனசோல் போன்ற மருந்து தருவதுண்டு. அது சேரும்போது சிம்வஸ்டற்றின், அற்றோவஸ்டற்றின் இரத்தத்தில் ஏறித் தசையைச் சிதைக்கலாம். தசை நோவும் தேயிலைச் சாயம் போன்ற சிறுநீரும் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பிருந்தே மருத்துவர் எழுதிக் கொடுத்து இந்தக் குளிசைகளைக் குடிப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், எல்லாக் குளிசை அட்டைகளையும் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

இரத்தக் கொலஸ்ட்ரோல் ரிப்போட்டைப் பார்த்து நோயின் போக்கைக் கணிக்க முடியாது. அது கட்டிக்குள் நடப்பதைக் காட்டாது.

"கொழுப்பு எரிவதைத் தடுத்தால் போதுமே" என்பதும் அவசர முடிவு. எற்றொமொக்சிர் அந்த எரிப்பின் வாசலையே அடைக்கும் மருந்து. இதய நோயாளிகளிடம் சோதித்தபோது ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியங்கள் இரத்தத்தில் ஏறியதால் சோதனை நிறுத்தப்பட்டது. எங்கள் இதயமும் பெரும்பாலும் கொழுப்பமிலத்தில்தான் ஓடுகிறது. புற்றுக்கலமும் ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடும். இதனால்தான் இவ்வகை மருந்துகளை வேறு மருந்துகளோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

கட்டி சுருங்கியதும் கிளினிக்கை விடுவது கடைசித் தவறு. ஸ்கானில் தெரியாத சில கலங்கள் மிஞ்சியிருக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப்புற்று வந்து சிகிச்சை முடித்தவர்கள் அவற்றைத் திரும்பத் தொடக்கூடாது. வாயில் 2 கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, கழுத்தில் புதுக்கட்டி, இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் போங்கள்.