பெயிண்டுக்கு முன்னால் விரலை ஓட்டுங்கள்: பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை ஒரு தம்பி என் காரேஜுக்கு ஒரு ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1970களின் ரேஸ் சைக்கிள், ரெனால்ட்ஸ் 531 குழாய். நான் இருக்கும் இதே பர்மிங்காமில் 1935ல் சந்தைக்கு வந்த குழாய் அது. புது பெயிண்ட், கண்ணைப் பறித்தது. "எப்படி இருக்கு அண்ணா?" என்றார். முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாயான டவுன் டியூபின் அடிப்பக்கம் விரலை ஓட்டினேன். முன்பக்கத்தில் குழாய்களை இணைக்கும் உறையான ஹெட் லக் முடிந்து ஒரு அங்குலம் தள்ளி, சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. பெயிண்டுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் இதே இடத்தில்.

துருவைத் துடையுங்கள், மழையில் நிறுத்தாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் பணத்தை விட்ட இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழசு என்றாலே இரும்பு களைத்துப்போயிருக்கும் என்று பயப்படுவது

ஐம்பது வருடப் பழசு என்பதாலேயே ஃபிரேமை ஒதுக்குகிறவர்கள் உண்டு. உலோகக் களைப்பு, அதாவது வளைந்து வளைந்தே விரிசல் விடுவது, காலண்டர் பார்த்து வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று பிரஷ்யாவில் ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர் கண்டது இதுதான்: பாரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை வளைத்தாலும் எஃகு தாங்கும். ஒரு கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 5,400. வருடத்துக்கு 200 மணி நேரம் ஓட்டினால் பத்து லட்சத்துக்கு மேல். பத்து வருடத்தில் ஒரு கோடி. இத்தனையையும் விரிசல் இல்லாமல் கடந்த குழாய் சும்மா நாளாகிவிட்டது என்பதற்காக உடையாது.

ஆனால் வோலரின் கணக்கு வழுவழுப்பான, துருப்பிடிக்காத எஃகுக்குத்தான். ஒரு கீறல், ஒரு நசுங்கல், உள்ளே அரித்த துரு, பற்றவைக்கும்போது அளவுக்கு மீறிப் போன சூடு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் வேறு கணக்கு. துரு அரித்துக்கொண்டே இருக்கும் எஃகுக்குத் தாங்கும் எல்லை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் வயதைக் கேட்பதை விட்டுவிட்டு, அடிபட்ட இடத்தைத் தேடுங்கள்.

முதலில் பெயிண்ட், அப்புறம் பரிசோதனை

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பாதி என் மேல்தான்.

ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடம் 90 பவுண்டுக்கு ஒரு ஃபிரேம் வாங்கினேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் மட்டும் வேறு நிறம். யாரோ ஃபோர்க்கைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், நமக்கு லாபம் என்று சந்தோஷப்பட்டேன். ஏன் மாற்றினார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பக்கம் எதிலாவது மோதினால் முதலில் வளைவது ஃபோர்க். அடுத்தது ஹெட் லக்கின் பின்னால் டவுன் டியூபும், மேலே ஓடும் டாப் டியூபும். வளைந்த ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அடியை வாங்கிய ஃபிரேமை மிச்சம் வைத்திருந்தார்கள்.

அந்த இடம் ஏன் என்றால், இந்தக் குழாய்கள் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் இல்லை. இத்தாலியின் கொலம்பஸ் எஸ்எல் குழாயை எடுத்துக்கொண்டால், இரு முனையிலும் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. முனை லக்குக்குள் இறுகிப்போயிருக்கும், நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். மோதும்போது, ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் கீழ்ப்பக்கம் பின்னால் தள்ளப்பட, லக்கை ஒட்டி இரண்டு குழாய்களின் அடிப்பக்கமும் நசுங்கி ஒரு மடிப்பு விழும். மடிப்பு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் அந்த மடிப்பிலேயே போய் வளைக்கும்.

நான் விரலை ஓட்டவில்லை. மணல் வீசித் துப்புரவாக்கி, பவுடர் கோட்டிங் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி முடித்தபோது 170 பவுண்டு போயிருந்தது. அவசரம், கோடைக்குள் ஓட்ட வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் "டிக்... டிக்..." என்று சத்தம். ஸ்டீல் முன்கூட்டியே சொல்லும் என்பார்கள். சொல்லத்தான் செய்தது, நான்தான் காது கொடுக்கவில்லை. பெடலுக்கு கிரீஸ் வைத்தேன். பெடல் கைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை மாற்றினேன். ஹேண்டில்பார் திரும்பும் இடமான ஹெட்செட்டில் புது குண்டுகள் போட்டேன். அதற்கும் ஒரு செலவு. கடைசியில் ஒரு நாள் கழுவும்போது, டவுன் டியூபின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. பிளேடால் கோட்டிங்கைச் சுரண்டினால் விரிசல் குழாயைப் பாதிக்கு மேல் சுற்றி வந்திருந்தது. பவுடர் கோட்டிங் கெட்டியான தோல், கொஞ்சம் இழுவையும் உண்டு. உள்ளே நடப்பதை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தது.

குழாயை அறுத்துப் பார்த்தேன். விரிசலின் ஒரு பகுதி கருத்து, துரு ஏறியிருந்தது. மீதி பளபளப்பு. கருத்த பகுதி நான் வாங்குவதற்கு முன்பே இருந்தது. ஒரு கைவிளக்கும் ஐந்து நிமிடமும் இருந்தால் 90 பவுண்டோடு போயிருக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு நேர்ச்சட்டத்தை ஹெட் டியூபின் பக்கவாட்டில் வைத்து ஃபோர்க் வரை நீட்டுங்கள். ஃபோர்க் கால்களின் மேல்பகுதி, வளைவு தொடங்கும் வரை, அதே கோட்டில் ஓட வேண்டும். இரண்டு கால்களும் சேரும் கிரவுனுக்குக் கீழேயே பின்னால் சாய்ந்திருந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம். அடுத்தது, இரண்டு குழாய்களின் அடியிலும் விரல். அப்புறம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டே, பாட்டம் பிராக்கெட்டை ஒட்டிய இடம், குறிப்பாகச் செயின் ஓடும் பக்கம். சீட் போஸ்ட்டை இறுக்கும் சீட் லக்கின் காதுகள். பின் சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட்டில், ஒட்டிய பித்தளை முடிகிற இடம்.

சந்தேகம் வந்தால் பெயிண்டை ரசாயனத்தால் உரியுங்கள். மணல் வீசாதீர்கள். மணல் இரும்பை அடித்து அடித்து விரிசலின் வாயை மூடிவிடும், விரிசலைக் காட்டும் சாயச் சோதனையும் அப்புறம் பொய் சொல்லும். உரித்த பிறகு, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். பத்து, இருபது நிமிடம் ஆகும். துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு தானாக எழுந்து வரும். வெறும் கீறலா விரிசலா என்று நண்பர்களிடம் ஃபோட்டோ காட்டிக் கேட்பதெல்லாம் நேர விரயம்.

விரிசல் மேல் வெல்டிங்

நான் வளர்ந்த ஊரில் ஃபிரேம் முறிந்தால் முக்குக் கடையில் கேஸ் வைத்துப் பித்தளை உருக்கி ஒட்டித் தருவார்கள். இன்னும் பத்து வருடம் நெல் மூட்டை சுமக்கும். அந்த மாதிரிச் சைக்கிள் செய்யும் டிஐ சைக்கிள்ஸ் 1949ல் அம்பத்தூரில் தொடங்கியபோது கூட்டாளியாக இருந்தது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ரெனால்ட்ஸும் ஒரு காலத்தில் அதே குழுமம்தான். ஆனால் குழுமம் ஒன்று என்பதற்காகக் குழாய் ஒன்றாகிவிடாது. மூட்டை சுமக்கும் சைக்கிளின் குழாய் தடித்த, சாதாரண இரும்பு. ரேஸ் ஃபிரேமின் 0.6 மில்லிமீட்டர் சுவரில் வெல்டிங் போட்டால், வெல்டிங் நிற்கும், அதை ஒட்டிச் சூடு பட்ட இடம் அடுத்து விரியும். சரியான வைத்தியம் லக்கைச் சூடாக்கி, குழாயையே கழற்றி, புதுக் குழாய் வைப்பது. அதற்கு ஃபிரேம் கட்டுகிறவர் வேண்டும். பெரும்பாலும் ஃபிரேமின் விலையைத் தாண்டும்.

விரிசல் விட்ட ஃபோர்க்

குப்பை. பேச்சே இல்லை.

பின்பக்கத்தை நெம்பி அகட்டுவது

ஐந்து கியர் காலத்து ஃபிரேமில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர், பிறகு 126, அதற்கும் பிறகு 130. 126ஐ 130 ஆக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. நட்டும் போல்ட்டும் வைத்து நடுவிலிருந்து நெம்பினால் பலவீனமான பக்கம் மட்டும் போகும், எதிர்ப்பக்கம் அசையாது. அகட்டிவிட்டு டிராப் அவுட்டுகளை இணையாக நிமிர்த்தாமல் விட்டால், அச்சு நாளும் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். குழாய் ரெனால்ட்ஸ் 753 என்றால் தொடாதீர்கள்.

ஹேண்டில்பார் ஸ்டெம்மை அளவுக்கு மீறி உயர்த்துவது

ஸ்டெம்மின் அடியில் உள்ளே விரியும் ஆப்பு, ஃபோர்க்கின் மேல்குழாயான ஸ்டியரரின் மரை வெட்டிய பகுதிக்குக் கீழே இருக்க வேண்டும். மரைக்குள் நின்றால் அங்கேதான் பிளக்கும்.

சீட் போஸ்ட்

சீட்டைத் தாங்கும் இந்தக் கம்பி 27.2 மில்லிமீட்டர் என்றால் 27.2தான். சின்னதைப் போட்டு இறுக்கினால் சீட் லக்கின் காது கிழியும்.

பழைய அலுமினிய ஹேண்டில்பார்

எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும் என்று எஃகுக்கு இருக்கும் அந்த எல்லை அலுமினியத்துக்கு இல்லை. அழகாக இருந்தால் சுவரில் மாட்டுங்கள், ஓட்டுவதற்குப் புதிது வாங்குங்கள்.

தம்பியின் ஃபிரேம் இப்போது என் காரேஜில் தொங்குகிறது. பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். உரிக்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.