பழைய ஆங்கிலக் கால்பந்துப் பதக்கங்களைப் பார்த்து வாங்கும் முறை

இங்கிலாந்தின் பழைய கால்பந்துப் பதக்கங்களைச் சேகரிக்க விரும்புபவர், முதலில் பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பதக்கங்கள் பல 9 அல்லது 15 கேரட் தங்கத்தால் ஆனவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், செய்தவரின் முதலெழுத்துகள், தங்கத்தின் தரம், பரிசோதித்த நகரின் சின்னம், ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஆகியவை பின்புறத்தில் தெரியும். நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். 15 கேரட் தரம் 1932-இல் கைவிடப்பட்டதால், 1938-ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்றில் அத்தரத்தைக் குறிக்கும் .625 என்ற முத்திரை இருந்தால் சந்தேகிக்கவே வேண்டும். பர்மிங்காமில் அக்காலத்தில் ஆண்டெழுத்து ஆண்டின் நடுவில் மாறியது. ஆகவே 1911 ஏப்ரலில் வழங்கப்பட்ட பதக்கத்தில் 1910-இல் தொடங்கிய எழுத்து இருப்பது இயல்பே. 1913-இன் எழுத்து இருந்தால், அது தொலைந்த பதக்கத்துக்கு மாற்றாகச் செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்.

முத்திரைகள் பொருந்தினால் மட்டும் போதாது. அச்சில் அடித்த பதக்கத்தின் எழுத்தோரங்கள் கூர்மையாக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் அவை மழுங்கி, ஊசிமுனை அளவிலான குழிகள் தென்படும். பதக்கம் முழுவதும் தேய்ந்திருக்க, வீரரின் பெயர் செதுக்கிய கோடுகள் மட்டும் புதிதாக மின்னினால், அந்தப் பெயர் பின்னாளில் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

என் கருத்தில், தங்கத்தின் மதிப்பைவிட அந்தப் பொருள் கைமாறி வந்த வரலாற்றுக்கே அதிக விலை தரலாம். 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் கார்டன் பேங்க்ஸ் பெற்ற பதக்கம் 2001-இல் 1,24,750 பவுண்டுக்கும், அதே அணியின் நாபி ஸ்டைல்ஸ் பெற்ற பதக்கம் 2010-இல் 1,88,200 பவுண்டுக்கும் விற்றன. பிந்தையதை மான்செஸ்டர் யுனைடெட் கழகமே வாங்கியது. இறுதிப் போட்டியில் ஆடிய பதினொருவருக்கு மட்டுமே அன்று பதக்கம் கிடைத்தது. அணியின் மற்ற வீரர்களுக்கு 2009-இல்தான் வழங்கப்பட்டது என்பதால், 'ஆடாத வீரருக்கு 1966-லேயே தந்தது' என்று யாராவது ஒரு பதக்கத்தைக் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சட்டைகளில் உண்மையை உறுதி செய்யும் சிக்கல் இன்னும் அதிகம். மரடோனா 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராக அணிந்த சட்டை 2022-இல் ஏறத்தாழ 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அது கோல் அடித்த இரண்டாம் பாதியில் அணிந்ததல்ல, முதல் பாதியில் அணிந்தது என்று அவருடைய மகள் மறுத்தார். ஏல நிறுவனமோ ஆட்டத்தின் ஒளிப்படங்களுடன் துணியின் நுண்ணிய அடையாளங்களை ஒப்பிட்டுப் பதில் சொன்னது. இப்படி ஒப்பிடக் கறையும் கிழிசலும் உதவும் என்பதால், வாங்கிய சட்டையைத் துவைக்கவே கூடாது.

கையெழுத்துகளுக்கு மையே சாட்சி. பிரிட்டனில் பால்பாயின்ட் பேனா 1945-இன் இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது. அணி வீரர்கள் கையெழுத்திட்ட 1930-களின் தாளில் அந்த மை இருந்தால் வாங்க வேண்டாம். லென்ஸில் புள்ளிகளாகத் தெரிவது அச்சுப் பிரதி.

ஏலத்தில் கேட்கும் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் சேரும் என்பதால், உச்ச வரம்பை அதையும் கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வாங்கிய பதக்கத்தைப் பாலிஷ் போடாமல், பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றி, பழைய ரசீதையும் குடும்பத்தாரின் கடிதத்தையும் அதனுடனேயே வைக்க வேண்டும்.